நுரை வராத ஷாம்பூ

பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில், வரிசையின் கடைசி வீடு எங்களுடையது. அப்போது எனக்கு ஏழு வயது. கடையில் சரம் சரமாகத் தொங்கும் ஷாம்பூ பாக்கெட்டுகளில் ஒன்றைக் கிழித்து, அம்மா, சித்தி, நான் என்று மூன்று தலைக்குப் பங்கு போடுவோம். கடைசிப் பங்கு எனக்கு. அதற்குள் அது வெறும் தண்ணீராகியிருக்கும். அதனால் ஷாம்பூ விஷயத்தில் எனக்குத் தீராத ஆத்திரம் இருந்தது.

அந்த ஞாயிறு, ஏலப்பாறையிலிருந்து சித்தியைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவாவது அமைய வேண்டுமே என்று அம்மா விடிந்ததிலிருந்து புலம்பிக்கொண்டிருந்தாள். சித்தி கதவைச் சாத்திக்கொண்டு, நான் அதுவரை பார்த்திராத ஒரு கறுப்பு பாக்கெட்டைக் கரைத்துத் தலையில் பூசினாள். மீதியை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்ததை ஜன்னல் வழியே பார்த்துவிட்டேன். ஒளித்து வைக்கிறாள் என்றால் உயர்ந்த ஷாம்பூவாகத்தான் இருக்கும்.

அம்மா பஜ்ஜி போடும் மும்முரத்தில் இருந்தபோது அதை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினேன். எவ்வளவு தேய்த்தும் நுரை வரவில்லை. விடாமல் நெற்றி, காது, கன்னம் வரைக்கும் தேய்த்தேன். வெகுநேரம் கழித்து, வெறுத்துப்போய்க் கழுவிவிட்டு வீட்டுக்குள் நுழைந்தால், ஏலப்பாறையிலிருந்து ஜீப்பில் வந்தவர்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

சுவர்க் கண்ணாடியில் பார்த்தேன். பாதி முகம் கரியாக இருந்தது. துடைத்தேன், போகவில்லை. துடைத்த கையும் கறுப்பு. இனி வாழ்நாள் முழுக்க இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"என்னத்தப் பூசுன பாப்பா?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

"சித்தி போட்ட ஷாம்பூதான்," என்று நனைந்த பாக்கெட்டை நீட்டினேன்.

அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். பிறகு சுவரோரம் நின்ற சித்தியின் கூந்தலைப் பார்த்தார்.

"இருவத்தி மூணு வயசுன்னுல்ல சொன்னீய?"

சித்திக்கு உண்மையிலேயே இருபத்து மூன்றுதான். இளநரை என்று அம்மா சத்தியம் பண்ணினாள். யாரும் காதில் வாங்கவில்லை. போட்டுவைத்த டீயைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள்.

அடி விழும் என்று காத்து நின்றேன். சித்தியோ என்னை மடியில் கிடத்தி, தேங்காய் எண்ணெயைத் தொட்டு நெற்றியில் தேய்க்க ஆரம்பித்தாள். அவள் கண்ணீர் என் கன்னத்தில் விழுந்தது. என் முகம் இப்படி ஆகிவிட்டதே என்றுதான் அழுகிறாள் என்று எனக்குப் பாவமாக இருந்தது.

"அழாத சித்தி, எனக்கு எரியவே இல்ல," என்றேன்.

ஆறுதல் சொன்ன பிறகும் அவள் ஏன் இன்னும் கூடுதலாக அழுதாள் என்று எனக்கு விளங்கவில்லை.