நூற்றுப் பதினெட்டு அடுக்கு வானம்

வானத்தைத் துர்காதேவி முதலில் கண்டது ஸ்கேனர் கண்ணாடியில்தான். நிறம் ஒத்துப்பார்ப்பதற்காக ஒரு கறுப்புப் பட்டுத் துண்டை ஸ்கேன் செய்து திரையில் பெரிதாக்கியபோது, கண்ணாடியில் படிந்திருந்த தூசியெல்லாம் வெள்ளைப் புள்ளிகளாகச் சிதறிக் கிடந்தது. மற்ற நாளாக இருந்தால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி ஸ்கேன் செய்திருப்பாள். அன்றைக்குத் துடைக்கவில்லை. சாப்பாட்டு நேரம் முழுக்க அந்தப் புள்ளிகளுக்கு நடுவே வளையம் சுற்றிய ஒரு கோளை வரைந்துகொண்டிருந்தாள். அது நடந்து ஆறு வருடம் ஆகிறது. தொலைநோக்கி வழியாக அவள் இன்றுவரை வானத்தைப் பார்த்ததில்லை.

ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து, காலை ஒன்பதரைக்கு சின்ன காஞ்சிபுரத்தில் இறங்குவாள். பட்டுச் சேலைக்கு டிசைன் போடும் இரண்டு அறைக் கூடத்தில் வேலை. முன்னறையில் அவளும் கம்ப்யூட்டரும். பின்னறையில் கண்ணாயிரம். அவள் திரையில் வரைந்து முடிப்பதை அவர் எந்திரத்தில் கொடுத்து, தறிக்குப் போகும் அட்டைகளில் துளை போடுவார். திரையில் ஒரு கட்டம் தப்பினால் சேலையில் அன்னத்தின் மூக்கு உடைந்துபோகும். அதனால் கட்டங்களை எண்ணி எண்ணியே பதினாறு வருடம் போயிருந்தது. மென்பொருளை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. ஒவ்வொரு பொத்தானாக அமுக்கி, என்ன நடக்கிறது என்று கட்டம் போட்ட நோட்டில் எழுதிவைத்துக் கற்றுக்கொண்டாள்.

திரையில் படத்தின் பாகங்களைத் தனித்தனி அடுக்காக வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவாள். ஒருமுறை, மறைத்துவைத்த ஓர் அடுக்கு எப்படியோ சேர்ந்துகொண்டு, அறுநூறு அட்டைகள் பாழாயின. அதற்குப் பிறகு அவள் ஓர் ஏற்பாடு செய்தாள். முடித்த டிசைன் எதுவானாலும் ‘முடிந்தது’ என்ற ஃபோல்டருக்குள் போட வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்குக் கண்ணாயிரம் ஒரு பொத்தானை அமுக்குவார். உள்ளே இருக்கிற எல்லாப் படமும் ஒரே அடுக்காகி, எட்டு நிறத்துக்குக் குறைந்து, பழையதன் மேலேயே பதிவாகிவிடும். அந்தக் கட்டளையை அவளே எழுதினாள். ஏழு வருடத்தில் ஒரு அட்டைகூடத் தப்பவில்லை.

இன்னொரு பழக்கமும் அவளுக்கு உண்டு. அவள் போட்ட ஒரு மயில் கரை, ஆறு மாதத்தில் அப்படியே வேறொரு கடைச் சேலையில் வந்து நின்றது. தன்னுடையது என்று காட்ட அவளிடம் ஒன்றுமில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு டிசைனிலும் ஒரே ஒரு கட்டத்தில் வேண்டுமென்றே தப்பான நிறத்தை வைத்து, இத்தனையாவது இழை, இத்தனையாவது வரிசை என்று நோட்டில் குறித்துவைத்தாள். வானத்தை வரைந்தபோதும் கை தானாக அதையே செய்தது. அடுக்குக்கு ஒரு புள்ளி, எந்த நட்சத்திரத்துக்கும் இல்லாத பாசிப் பச்சையில்.

கடைசியாக வரைந்த படம் பதினோரு மாதம் பிடித்தது. முதலாளி மயில்வாகனம் சாப்பாட்டு நேரத்தில் சொந்தப் படம் வரைய அனுமதித்திருந்தார், அதற்கு மேல் இல்லை. அந்த நாற்பது நிமிடத்தில் தூசி மேகம் ஓர் அடுக்கு, அதற்குப் பின்னாலிருந்து வரும் வெளிச்சம் ஓர் அடுக்கு, கோளின் நிழல் மூன்று அடுக்கு என்று ஏற்றிக்கொண்டே போனாள். கண்ணாயிரம் டீ டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்து, வளையத்துக்கு ஜரிகை ஒற்றையா இரட்டையா என்று கேட்டுவிட்டுப் போவார். மொத்தம் நூற்றுப் பதினெட்டு அடுக்குகள்.

ஒரு வெள்ளிக்கிழமை படம் முடிந்தது. சென்னையில் நடக்கவிருந்த விண்வெளிப் படக் கண்காட்சிக்கு, அவர்களுடைய தளத்தில் அதன் முழு நிறப் பிரதியை ஏற்றினாள். பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. படம் பிடித்திருக்கிறது, பெரிய சுவர் முழுக்கப் போட நினைக்கிறோம். ஆனால் இது கையால் வரைந்ததா, ஏஐயிடம் கேட்டு வாங்கியதா என்று குழுவில் சந்தேகம் எழுந்திருக்கிறது. வியாழக்கிழமைக்குள் அடுக்குகளோடு உள்ள கோப்பை அனுப்பினால் போதும். இல்லாவிட்டால் படத்தை விலக்க வேண்டியிருக்கும். இனி அவளுடைய எந்தப் படத்தையும் ஏற்க முடியாது.

படித்தபோது துர்காதேவிக்குச் சிரிப்புத்தான் வந்தது. கேட்டது அடுக்கு. அவளிடம் இல்லாததா?

கோப்பைத் தேடினாள். படங்கள் வைக்கும் இடத்தில் இல்லை. ‘முடிந்தது’ ஃபோல்டரில் இருந்தது. மூன்று ஜிபி இருக்க வேண்டிய இடத்தில் எட்டு எம்பி என்று காட்டியது. திறந்தாள். மேகம் படிப்படியாக வெட்டிய பட்டைகளாகக் கிடந்தது. வெளிச்சம் இருந்த இடத்தில் தட்டையான ஆரஞ்சு. வலப்பக்கம் அடுக்குகளின் பட்டியலில் ஒரே ஒரு வரி. தளத்தில் ஏற்றுவதற்காக எடுத்த பிரதியும் அதே ஃபோல்டரில், அதே எட்டு நிறத்தில்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் படத்தை முடித்ததும் தன் கை என்ன செய்தது என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. ஏழு வருடமாக எதை முடித்தாலும் செய்ததையே செய்திருக்கிறது. இழுத்து, ‘முடிந்தது’க்குள் போட்டிருக்கிறது.

மவுஸிலிருந்து கையை எடுக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தாள் என்று தெரியாது. பின்னறையில் எந்திரம் நின்று, கண்ணாயிரம் வெளியே வந்தார்.

“இன்னாமா, பேயடிச்ச மாதிரி ஒக்காந்துக்கினு இருக்கிற?”

“அடுக்கு இல்லண்ணா.”

“எத்தினி இல்ல?”

“ஒண்ணுதான் இருக்குது.”

அவர் திரையைப் பார்த்தார். அவருக்குப் புரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“நான்தானேமா அமுக்கினேன்.”

“நான் எழுதினதைத்தான் அமுக்கினீங்க. பேசாம இருங்கண்ணா.”

ஞாயிறுதோறும் எல்லாவற்றையும் இன்னொரு டிஸ்கில் நகலெடுப்பார்கள். புதுசு பழசை அழித்துவிடும். நடுவில் இரண்டு ஞாயிறு போயிருந்தது. கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையில் டிஸ்கை ஒரு நாள் முழுக்க வைத்திருந்து, பழைய அன்னங்கள் இருபதை மீட்டுக் கொடுத்தார்கள். வானம் கிடைக்கவில்லை. இரண்டு நாள் அவள் சோற்றைப் பிசைந்தாளே தவிர வாய்க்குக் கொண்டுபோகவில்லை. படம் போனதைவிட, தான் வரையவில்லை என்று நாலு பேர் எழுதிவைக்கப் போகிறார்களே என்பதை அவளால் ஏற்க முடியவில்லை. பதினோரு மாதத்தில் ஒரு நட்சத்திரத்தைக்கூட அவள் வேறெங்கிருந்தும் எடுக்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு சென்னைக்குப் போன் செய்தாள். குழுவின் சார்பில் பேசியவள் நதியா என்ற பெண். துர்காதேவி நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். நதியா மரியாதையாகத்தான் பேசினாள். இதே மாதிரி கோப்பு போய்விட்டது என்று இந்த வாரத்தில் மட்டும் மூன்று பேர் சொன்னார்கள், விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்றாள். துர்காதேவி பச்சைப் புள்ளிகளைப் பற்றிச் சொன்னாள். எட்டு நிறம் ஆனதில் அந்தப் புள்ளிகளும் போயிருக்குமே, எங்களிடம் உள்ள முழுப் படத்தை அனுப்பட்டுமா, குறித்துக் காட்டுகிறீர்களா என்று நதியா கேட்டாள்.

“வேணாம்மா, அனுப்பாதீங்க. பார்த்துச் சொன்னா, பார்த்துச் சொன்ன மாதிரி ஆயிடும். நீங்க படத்தைத் திறந்து வச்சிக்கோங்க. நான் நோட்டைப் பார்த்துச் சொல்றேன்.”

முதல் அடுக்கு: இடது ஓரத்திலிருந்து இரண்டாயிரத்து இருநூற்றுப் பதினான்காவது கட்டம், வரிசை தொள்ளாயிரத்து ஆறு. நதியா பெரிதாக்கிப் பார்த்தாள்.

“இங்க ஒண்ணும் இல்ல மேடம்.”

இரண்டாவது அடுக்கைச் சொன்னாள். அங்கும் இல்லை. மூன்றாவதும் இல்லை. நதியாவின் குரலில் அவசரம் தெரிந்தது. துர்காதேவி நோட்டில் இருந்த எண்களை மறுபடி பார்த்தாள். தன் கையெழுத்துதான், தான் எண்ணி எழுதியதுதான். எண்ணியதே தப்பு என்றால் இந்தப் பதினாறு வருடத்தில் எதை நம்புவது? போனைக் காதிலிருந்து இறக்கினாள்.

வாசற்படியில் நின்றிருந்த கண்ணாயிரம், “முதல் அட்டை எங்க இருக்குதுன்னு கேளு,” என்றார்.

அவளுக்குப் பளிச்சென்று உறைத்தது. முதல் வரிசை என்று எதைச் சொல்கிறீர்கள் என்று கேட்டாள். மேலே உள்ளதைத்தான், வேறு எதை என்றாள் நதியா. தறியில் குறுக்கே ஓடும் முதல் ஊடை இழை விழுவது அடியில். துணி அங்கிருந்து மேல்நோக்கித்தான் வளரும். அட்டையும் அப்படித்தான், நோட்டும் அப்படித்தான். மேலிருந்து எண்ணுவார்கள் என்பதே துர்காதேவிக்குத் தோன்றியிருக்கவில்லை.

“கீழேர்ந்து எண்ணுங்கமா. தொள்ளாயிரத்து ஆறு.”

நதியா அடியிலிருந்து எண்ணிப் பெரிதாக்கினாள்.

“பச்சையா ஒண்ணு இருக்கு,” என்றாள் நதியா. சத்தம் இறங்கியிருந்தது. “ஒண்ணே ஒண்ணு.”

இரண்டாவதும் இருந்தது. பத்தாவது, இருபதாவது, எல்லாம் சொன்ன இடத்தில் இருந்தன. நதியா யாரையோ கூப்பிட்டாள். நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. முப்பத்தோராவதில் மறுபடி நின்றது. அங்கே பச்சை இல்லை, அடியிலிருந்து எண்ணியும் இல்லை.

துர்காதேவி நோட்டில் நாலு பக்கம் தள்ளிப் பார்த்தாள்.

“தொண்ணூத்தேழாவது அடுக்கு தூசி மேகம். கெட்டி நிறம். அது மேல வந்து மூடிக்கினு இருக்குது. மேகத்தோட ஓரம் அங்கிருந்து பன்னெண்டு கட்டம் தள்ளி இருக்கணும், பாருங்க.”

நதியா எண்ணினாள். பன்னிரண்டுதான். அந்தப் பக்கம் ஓர் ஆண் குரல் ஏதோ சொன்னது. போதும் மேடம், நாங்கள் ஒத்துக்கொள்கிறோம் என்றாள் நதியா.

“இன்னும் எம்பத்தேழு இருக்குதுமா. எழுதிக்கோங்க.”

நூற்றுப் பதினெட்டும் முடிந்தபோது மணி ஒன்றரை. கண்ணாயிரம் எந்திரத்தை ஓட்டவே இல்லை. போனை வைக்கும் முன் நதியா ஒன்று கேட்டாள். சுவரில் இடது ஓரமாக அவசர வழிப் பலகை ஒன்று இருக்கிறது, அதை எடுக்க முடியாது, கோளையும் நட்சத்திரங்களையும் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தித் தர முடியுமா என்று. முடியாது என்றாள் துர்காதேவி. நகர்த்துவதற்கு இனி எதுவும் தனித்தனியாக இல்லை.

படம் அப்படியே சுவரேறியது. அவளும் கண்ணாயிரமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலில் போய்ப் பார்த்தார்கள். பதினெட்டு அடி அகலம். கண்ணாயிரம் வளையத்தின் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தார். இடது ஓரத்தில் ஒரு முழ அகலத்தைப் பலகை மறைத்திருந்தது. அதற்குப் பின்னால் நான்கு பச்சைப் புள்ளிகள் இருக்கின்றன. எந்த நான்கு என்று நோட்டைப் பார்க்காமலே துர்காதேவி அவரிடம் சொன்னாள்.