கிணற்றுக்குள் கூப்பிட்ட பேர்

நாடகம் படிக்கிற வேலையில் அழுவது சுலபம், சிரிப்பது அதைவிடச் சுலபம். வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் திறப்பதுதான் உயிர்போகிற காரியம். மேடையேறி முழித்த சகோதரிகளே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கான்வென்டில் எட்டாவது வரை படித்து, கல்யாணமாகி, கைப்பிள்ளையோடு மறுபடியும் அதே கான்வென்டு வாசலில் டீச்சர் டிரெயினிங்குக்கு வந்து நின்றவள் நான். என் வீட்டுக்காரரைப் பட்டாளத்தில் லாரி ஓட்டக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவரை இனிமேல் ‘இவுக’ என்றே எழுதுகிறேன். காரணம் போகப்போகத் தெரியும். டிரெயினிங்கில் கணக்கு, பூகோளம், தையலோடு நாடகமும் ஒரு பாடம். அந்த ஒரு பாடத்தில் நான் பட்டதை மட்டும், பிள்ளை தூங்குகிற நேரம் பார்த்து எழுதுகிறேன்.

ராணி இல்லாத கதை

நாடகத்துக்குப் பொறுப்பான சிஸ்டர் முதல் நாள் வந்ததும் கதையைச் சொன்னார்கள். மழை பொய்த்த ஊர். கிணற்றில் தூர் வார ஒருவன் இறங்குகிறான். மண் சரிந்து உள்ளே மாட்டிக்கொள்கிறான். ஊர்ப் பெண்டுகள் கூடிக் கயிறு போட்டு அவனை மேலே இழுக்கிறார்கள். இவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் இது நடக்காத வருஷம் கிடையாது என்பதால் யாருக்கும் புதுசாகப் படவில்லை.

புதுசாகப் பட்டது வேறு. வகுப்பில் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேரும் ஊர்ப் பெண்டுகள். ஒருத்திக்கும் தனி வேஷம் இல்லை. திரை திறந்ததிலிருந்து மூடுகிறவரை ஒருத்தியும் மேடையை விட்டுப் போகக் கூடாது. கிணற்றுக்குள் இருக்கிறவன் மேடைக்கு வரவே மாட்டான். பாலவனத்தத்துத் தெரேஸ், ராஜகுமாரி வேஷம் தனக்குத்தான் என்று நினைத்து, அக்காளின் கல்யாணப் பட்டுச் சேலையைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். கதை முடிந்ததும் கையைத் தூக்கினாள். சிஸ்டர் என்ன என்று கேட்டார்கள்.

“ராணியும் இல்ல, ராசாவும் இல்ல. எங்கம்மா வண்டி கட்டி வந்து என்னத்தப் பாக்கும் சிஸ்டர்?”

கண்மாய்ப் பரீட்சை

மைக்கு கிடையாது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிற கிழவருக்கும் கேட்க வேண்டும். ஆகவே சிஸ்டர் எங்களை வறண்டு கிடந்த கண்மாய்க்குக் கூட்டிப்போனார்கள். நாங்கள் இந்தக் கரையில். அவர்கள் வெடித்த கரம்பை மண்ணில் செருப்போடு நடந்து அந்தக் கரைக்குப் போய்விட்டார்கள். ஒவ்வொருத்தியாக “மேல வா” என்று கூப்பிட வேண்டும். கேட்டால் கைக்குட்டையை ஆட்டுவார்கள். தெரேஸுக்கு ஆடவில்லை. இன்னும் எட்டுப் பேருக்கும் ஆடவில்லை.

என் முறை வந்தது. பிள்ளை பெற்ற உடம்பில் மூச்சு எங்கிருந்து வந்ததோ, அடிவயிற்றிலிருந்து எடுத்துக் கூப்பிட்டேன். கைக்குட்டை ஆடியது. நாடகத்தில் எல்லாக் குரலும் ஓய்ந்த பிறகு தனியாக ஒலிக்கிற கடைசிக் கூப்பாடு எனக்குத்தான் என்று அங்கேயே முடிவாயிற்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையில் நிற்கும்போது, கருவேலங்காட்டுக்குள்ளிருந்து ஆடு மேய்க்கிறவர் ஒருவர் துரட்டியோடு ஓடிவந்து மூச்சு வாங்கினார்.

“எம்புட்டு நேரமாத் தேடுறீக தாயி? கெடாயா, பெட்டையா, அதச் சொல்லுங்க.”

முத்திரை போட்ட நோட்டு

சண்டைக் காலம். நாலு பேர் கூடுகிற நாடகம் என்றால் எழுதினதைப் போலீஸில் காட்டி முத்திரை வாங்க வேண்டும். இருந்தது ஒரே நோட்டு. அது மூன்று வாரம் டவுனில் கிடந்தது. அதுவரை நாங்கள் நடையும் அசைவும்தான் பழகினோம். நோட்டு பக்கத்துக்குப் பக்கம் முத்திரையோடு திரும்பி வந்தது. சிஸ்டர் உரக்க வாசித்தார்கள். கடைசிப் பக்கம்: பன்னிரண்டு பேரும் கிணற்றுக்குள் மாட்டிக்கொண்டவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், ஒவ்வொரு குரலாக ஓய்கிறது, ஒருத்தி மட்டும் குனிந்து மறுபடி அந்தப் பேரைச் சொல்லி, மேல வா என்கிறாள். அந்தப் பேர் இவுக பேர்.

அதிசயம் ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் நின்று அந்தப் பேரைச் சொன்னால் எட்டுப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி புருஷன் பேரைச் சொல்வதில்லை. சொன்னால் அவன் ஆயுசு குறையும். கான்வென்டில் படித்த காலத்தில் நானும் இதைக் கேட்டுச் சிரித்தவள்தான். அப்போது எனக்குப் புருஷன் இல்லை. மல்லாங்கிணற்றில் ஒருத்தி சந்தைக் கூட்டத்தில் புருஷனைத் தவறவிட்டு, பதற்றத்தில் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாளாம். மூன்றாம் மாதம் தாலி இறங்கியதாம். இதை எனக்குச் சொன்னது அத்தை, இவுகளைப் பெற்றவர்கள். இவுகளிடமிருந்து கடுதாசி வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. கடைசியாக வந்ததிலும் பாதி வரிகளைப் பட்டாளத்துக்காரர்கள் கறுப்பு மையால் அழித்திருந்தார்கள்.

சிஸ்டரிடம் தனியாகப் போய், நோட்டில் அந்தப் பேரை மட்டும் மாற்றிவிடுங்கள் என்று கெஞ்சினேன். அவர்கள் முத்திரையை விரலால் தட்டிக் காட்டினார்கள்.

“இதுல ஒரு எழுத்தை மாத்தினாலும் நாடகம் கிடையாது. வேணும்னா உன் வீட்டுக்காரர் பேரை மாத்திக்கச் சொல்லி எழுது.”

பதினோரு இழை

கயிறு இழுக்கிற காட்சியில் கயிறு கிடையாது. இருக்கிற மாதிரி இழுக்க வேண்டும். முதல் வாரம் கண்ணராவி. ஒருத்தி பூக்கட்டுகிற நார் இழுத்தாள், ஒருத்தி தேர்வடம் இழுத்தாள், தெரேஸ் பட்டுச் சேலையின் முந்தானையை இழுக்கிறவள் மாதிரி இழுத்தாள். எங்களைக் கரையேற்றியவள் பாளையம்பட்டி லட்சுமி. தறிக்காரர் வீட்டுப் பெண். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், காலில் எப்போதும் தறி மிதிக்கிற தாளம். இடது மிதித்தால் பிடி, வலது மிதித்தால் இழு என்று காலால் சொல்லிக்கொடுத்தாள். இரண்டே நாளில் இருபத்துநாலு கையும் ஒரு கையாயிற்று. சேர்ந்து நடிப்பது என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது: முன்னால் நிற்கிறவளின் முழங்கையைப் பார்த்தால் போதும், பயம் தெரியாது.

அந்தத் தைரியத்தில் ஒரு திருட்டுத்தனமும் செய்தேன். பன்னிரண்டு பேரும் சேர்ந்து பேரைக் கூப்பிடுகிற இடத்தில் வாயை மட்டும் அசைத்தேன். இத்தனை சத்தத்தில் யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன். சிஸ்டருக்கே தெரியவில்லை. லட்சுமி மட்டும் காலை நிறுத்தாமல் என் காதருகே குனிந்தாள்.

“பதினோரு இழைதான் ஓடுதுக்கா. ஒண்ணு அறுந்து தொங்குது.”

தபால்காரர் கேட்ட கேள்வி

நாடகத்துக்கு நாலு நாள் இருக்கும்போது தபால்காரர் சைக்கிளை நிறுத்தினார். கையில் சர்க்கார் முத்திரை போட்ட நீளக் காகிதம். பட்டாளத்தில் ஆள் இருக்கிற வீடுகளுக்கு மட்டுமே தெரியும், அந்தக் காகிதத்தில் என்ன சேதி வரும் என்று. அத்தை பருத்திக் காட்டுக்குப் போயிருந்தார்கள். பட்டாளத்தில் இருக்கிறவர் பேரைச் சொன்னால்தான் காகிதம் தருவேன், அதுதான் ரூலு என்றார் தபால்காரர். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சுவரில் தொங்கிய புனிதர் படத்தைக் காட்டினேன். அந்தப் புனிதர் பேரைத்தான் இவுகளுக்கு வைத்திருந்தார்கள். தபால்காரருக்கு அது தெரியும். இவுக கல்யாணத்தில் சாப்பிட்டவர்தான். இருந்தாலும் வாயால் சொல்லு என்று நின்றார்.

கடைசியில் அவரே பேரைச் சொல்லி, சரிதானே என்று கேட்டார். தலையை ஆட்டி வாங்கிக்கொண்டேன். பிரித்த பிறகும் முதலில் என் கண்ணுக்கு எழுத்தே தெரியவில்லை. பிள்ளைக்கும் சேர்த்துப் பட்டாளத்துப் பணம் கொடுக்க, அது பிறந்ததற்கு அத்தாட்சி அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தார்கள், வேறொன்றும் இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தபால்காரர் சைக்கிளில் ஏறும்போது திரும்பிப் பார்த்தார்.

“வீட்டுக்காரன் பேரச் சொல்ல வாய் வரல, நீங்க மேடையேறி என்னத்தப் பேசிக் கிழிக்கப் போறீகம்மா?”

‘ஏங்க’ என்றால் போதாதா

மறுநாள் கடைசி ஒத்திகை. குரல்கள் ஓய்ந்தன. நான் குனிந்து, “ஏங்க, மேல வாங்க” என்றேன். வகுப்பே உட்கார்ந்து சிரித்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை. கிணற்றுக்குள் கிடக்கிறவன் ஊருக்கே பிள்ளை, உனக்கு மட்டும் புருஷனாக்கிவிட்டால் மற்ற பதினோரு பேருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டார்கள். நியாயம்தான். மறுபடி செய்து பார்த்தேன். “பாப்பா அப்பா” என்று வந்தது. அதற்கும் சிரித்தார்கள். இந்த முறை நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகை வந்துவிட்டது.

லட்சுமிதான் வழி சொன்னாள். அவள் எனக்கு நேர் பின்னால் நிற்பாள். பேரை அவள் சொல்வாள், நான் வாயசைக்க வேண்டும். ‘மேல வா’ மட்டும் என் குரல். கூட்டத்துக்கு ஒன்றும் தெரியாது. உனக்குப் பாவம் வராதா என்று கேட்டேன்.

“எங்கழுத்துல தாலி கெடையாது. எந்த ஊருக்காரன் பேரும் என் வாயில வரும்.”

நாலு மணி வெயில்

மண்ணெண்ணெய் ரேஷன். பெட்ரோமாக்ஸுக்கு வழியில்லை என்று நாடகத்தை மாலை நாலு மணிக்கே வைத்தார்கள். கான்வென்டு மைதானத்தில் சாக்கும் பாயும் விரித்து ஜனம் உட்கார்ந்தது. பெண்கள் பக்கத்தில் முன் வரிசையில் அத்தை, மடியில் என் பிள்ளை. பேர் விஷயத்தை நான் அத்தையிடம் சொல்லவே இல்லை. சொல்லத் தைரியம் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

நாடகம் நன்றாகப் போயிற்று. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. இல்லாத கயிற்றை நாங்கள் இழுத்தபோது, ஆண்கள் பக்கத்தில் இரண்டு பேர் எழுந்து கையை நீட்டிவிட்டார்கள். பன்னிரண்டு பேரும் கூப்பிட்டோம். ஒவ்வொரு குரலாக ஓய்ந்தது. லட்சுமியும் ஓய்ந்தாள். நான் குனிந்தேன். கிணறு என்பது பலகையில் சுண்ணாம்பால் போட்ட ஒரு வட்டம், அவ்வளவுதான். பின்னாலிருந்து பேர் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தால், லட்சுமி அந்த வட்டத்துக்குள் பார்த்தபடி தாரை தாரையாக அழுதுகொண்டு நிற்கிறாள். எங்கள் ஏற்பாடெல்லாம் அவளுக்கு மறந்தே போயிற்று. நானும் உள்ளே பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஆழம் தெரிந்தது. எல்லாரும் கூப்பிட்டு ஓய்ந்துவிட்டார்கள், இனி நான்தான் பாக்கி என்று தோன்றியது. அதற்குமேல் யோசித்ததாக நினைவில்லை.

“சவரிமுத்து” என்று கூப்பிட்டேன். “மேல வா.” பேரையும் சொல்லி, ‘ங்க’வையும் விட்டாயிற்று. கண்மாயில் வந்த அதே குரல். பெண்கள் பக்கத்தில் எங்கள் ஊர்க்காரிகள் வாயைப் பொத்தினார்கள். என் குரலைக் கேட்டுப் பிள்ளை வீறிட்டது. ஆண்கள் கை தட்டினார்களாம், எனக்குக் கேட்கவில்லை.

திரைக்குப் பின்னால் அத்தை வந்தார்கள். முத்திரை போட்ட நோட்டு, எழுத்து மாற்றக் கூடாது என்று என்னவோ உளறினேன். பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையால் என் நெற்றி வேர்வையைத் துடைத்தார்கள்.

“இன்னொரு தடவ கூப்புடு ஆத்தா. நானும் தெனம் மனசுக்குள்ள கூப்புட்டுத்தான் பாக்குறேன், எங்கொரலு அம்புட்டுத் தூரம் எட்டல.”

நடிப்புக்குக் கைதட்டல் வாங்கினவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள், புருஷன் பேரை உரக்கச் சொல்லி மாமியாரிடமே ‘இன்னொரு தடவை’ வாங்கினவள் இந்தத் திருச்சுழிச் சீமையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆனாலும் அந்தப் பேருக்கு உரியவர் ‘யாரது என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது’ என்று கோபமாக ஒரு கடுதாசி போடுகிறவரை, நாடகம் முடிந்தது என்று நான் ஒப்புக்கொள்வதாக இல்லை.