சொன்ன பாதை, சொன்ன நேரம்

விமானம் ஓட்டுவது கையால் செய்யும் வேலை என்று நினைப்பவர்கள், ரேடியோ செத்துப்போன விமானத்தில் ஒருதடவை இருந்து பார்க்க வேண்டும். பாதி வேலை வாயால்தான் நடக்கிறது. சண்டைக் காலத்தில் நான் ஒரு சின்னக் கம்பனியில் துணை விமானி. கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானைக்கும் யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் இடையில் பறப்போம். வீடு கொழும்பில் தமிழர் நெருங்கி வாழும் வெள்ளவத்தையில், மூன்றாம் மாடியில். பிந்தி வீட்டுக்குப் போய் வாங்கிக் கட்டிக்கொண்ட வாசகர்களுக்கு என் கஷ்டம் விளங்கும்.

சோத்துப் பார்சல்

சேர்ந்த முதல் மாதம். சிலாபத்துக்கு நேரே கடலுக்கு மேல் போய்க்கொண்டிருக்கும்போது ரேடியோ ஊமையாகிவிட்டது. விமான நிலையத்து டவரைக் கூப்பிட்டேன், கூப்பிட்டேன், தொண்டை வறண்டதுதான் மிச்சம். பக்கத்தில் இருந்த கப்டன் சிங்களவர், அலட்டிக்கொள்ளாத மனிதர். கையை நீட்டி ஒரு குமிழைத் திருப்பினார். காது கிழிய டவரின் குரல் கேட்டது. சாப்பாட்டுப் பையை எடுக்கும்போது என் முழங்கை பட்டுச் சத்தம் முழுக்கக் குறைந்திருக்கிறது. கப்டன் என்னைத் தம்பி என்று சிங்களத்தில் கூப்பிட்டுச் சொன்னார்:

"மல்லி, இனிமேல் ரேடியோ பழுது எண்டு கத்த முதல், சோத்துப் பார்சலை எங்க வச்சனீ எண்டு பார்."

வீட்டுச் சட்டம்

என் மனைவி வசந்தி வீட்டில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் கொடுத்தாள். அவளுக்கு ஒரு சட்டம் இருந்தது. எந்த வழியால் போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்க வேண்டும். சொன்ன வழியை மாற்றக் கூடாது. அரை மணித்தியாலம் பிந்தினால் என் படத்தையும், கொழும்பில் தங்கும் தமிழர் எடுக்க வேண்டிய பொலிஸ் பதிவின் கொப்பியையும் எடுத்துக்கொண்டு அவள் பொலிசுக்குப் போவாள். சோதனைச் சாவடியில் பிடித்து ஏற்றிக்கொண்டு போன தமிழனை உடனே தேடாவிட்டால், பிறகு எங்கே என்று அறிவதே பெரும்பாடாக இருந்த காலம் அது.

ஒருநாள் எங்கள் கையேட்டில் ரேடியோ பழுதானால் செய்ய வேண்டியதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசியாகச் சொன்ன பாதையில் போ, சொன்ன உயரத்தில் போ, சொன்ன நேரத்துக்கு வந்து சேர், குறுக்குவழி தேடாதே. அவள் பிள்ளைகளின் கொப்பி திருத்துவதை நிறுத்தாமலே சொன்னாள்:

"இதை எழுதின ஆளும் வெள்ளவத்தையிலதான் இருந்திருக்க வேணும்."

ஆறு நிமிடம்

பிறகு உண்மையாகவே வந்தது. பலாலியிலிருந்து திரும்பும்போது இரண்டு ரேடியோவும் ஒன்றாகப் போயின. முதலில் சோத்துப் பார்சலைப் பார்த்தேன், அது பாவம், காலடியில் கிடந்தது. வயரை இழுத்துத் திரும்பச் சொருகினோம், பழைய அலைவரிசைக்கு மாறிப் பார்த்தோம். ஒன்றும் சரிவரவில்லை. ரேடாரில் பார்ப்பவர்களுக்கு எங்கள் ரேடியோ போய்விட்டது என்று காட்டும் நாலு இலக்கங்களைப் போட்டோம். யாராவது பார்த்தார்களா என்று எங்களுக்குத் தெரிய வழியில்லை.

கொழும்பைச் சுற்றி விமான எதிர்ப்புப் பீரங்கிகள் நின்ற காலம். வாய் திறக்காமல் வரும் விமானத்தைப் பீரங்கிக்காரர் என்ன செய்வார்கள் என்பதுதான் பயம். நாங்கள் வந்து சேருவதாகச் சொன்ன நேரம் பத்து நாற்பது. பின்காற்று தள்ளியதில் ஆறு நிமிடம் முந்திவிட்டோம். "போவமா, மல்லி?" என்றார் கப்டன். "இல்லை சேர். பத்து நாற்பதுக்குத்தான் எங்களைத் தேடுவினம்" என்றேன். எனக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை. கப்டன் தலையாட்டிவிட்டுக் கடலுக்கு மேல் வட்டமிட்டார். பயணிகளின் முன்சீற்றில், கண் காட்டக் களுபோவில ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டிருந்த ஓய்வுபெற்ற தபாலதிபர் திரைச்சீலையை விலக்கி எட்டிப் பார்த்தார்:

"தம்பி, கரை தெரியுது, இறங்காமல் கோயில் சுத்துற மாதிரிச் சுத்துறியள். ஏதும் நேர்த்திக்கடனோ?"

பச்சை விளக்கு

பத்து நாற்பதுக்கு இரத்மலானை டவருக்கு எதிரே வந்தோம். அங்கிருந்து பச்சை விளக்கு அசையாமல் எரிந்தது. இறங்கலாம் என்று அர்த்தம். கண்டுகொண்டோம் என்பதற்கு அடையாளமாகக் கப்டன் இறக்கைகளை ஆட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இறங்கியதும் நன்றி சொல்ல டவருக்கு ஏறினேன். கடமையில் இருந்தவருக்கு இன்னும் வேர்வை காயவில்லை. மேசையில் இருந்த டெலிபோனைக் காட்டி அவரும் சிங்களத்தில்தான் சொன்னார்:

"பத்து நாற்பதுக்கு வருவாங்கள், சுட வேண்டாம் எண்டு பீரங்கிக்காரருக்குச் சொல்லி வச்சிருந்தன். பத்து முப்பத்திநாலுக்கு எண்டு சொல்லேல்லை."

மூன்றாம் மாடி

அறிக்கை எழுதி முடிக்கப் பகல் ஒரு மணி தாண்டிவிட்டது. வீட்டுக்குச் சொல்லியிருந்த நேரம் பன்னிரண்டு. எங்கள் வீட்டு டெலிபோன் இரண்டு நாளாக வேலை செய்யவில்லை. காலி வீதியில் பஸ்ஸால் குதித்து ஓடிவந்து படியேறினால், வசந்தி இரண்டாம் மாடியில் எதிரே இறங்கி வருகிறாள். அன்று அவளை மறித்துவைத்தது ஒரு டியூஷன் பிள்ளையின் தாய். இல்லாவிட்டால் எப்போதோ போயிருப்பாள். சேலை மாற்றி, செருப்புப் போட்டு, கையில் என் படமும் பதிவுக் கொப்பியும். என்னைக் கண்டதும் படிக்கட்டிலேயே குந்திவிட்டாள்.

நானும் பக்கத்தில் இருந்து எல்லாம் சொன்னேன். ரேடியோ, ஆறு நிமிடம், பீரங்கி, பச்சை விளக்கு. முழுக்கக் கேட்டாள். என் படத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக் கைப்பைக்குள் வைத்தாள். பிறகு சொன்னாள்:

"பலாலியில இருந்து நிமிசம் பிசகாமல் வரத் தெரியுது. ரத்மலானையில இருந்து வெள்ளவத்தைக்கு வரத் தெரியேல்லையோ?"

ரேடியோ இல்லாமலும் விமானத்தைப் பத்திரமாக இறக்கலாம், இறக்கிய கையோடு நேரே வீட்டுக்குப் போய்விட வேண்டும், அவ்வளவுதான்.