நான் கடலில் விடாத நாலு மீன்கள்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கச்சிராயபாளையத்தில் கரும்புக் கொல்லைக்கு நடுவே தனி வீடு, அம்மா போனதிலிருந்து ஒண்டியாகத்தான் இருக்கிறேன், ஒரு நாளும் பயந்ததில்லை. அதனால் நீங்கள் இதை நம்பாவிட்டாலும் எனக்குக் கோபமில்லை, உங்கள் இடத்தில் நானும் சிரித்திருப்பேன்.

கடல்மீன் ஆராய்ச்சி ஒன்றில் ஒப்பந்த வேலை பார்த்தேன். கடலூரில் படகேறிப் போய், கொடுவா மீனைத் தூண்டிலில் பிடித்து, நீளம் அளந்து, முதுகில் எண் போட்ட மஞ்சள் டேக்கைக் குத்தி, திரும்பக் கடலிலேயே விட வேண்டும். அந்த மீன் பிறகு எந்த மீனவரிடம் சிக்கினாலும் டேக்கில் இருக்கும் என் செல் நம்பருக்குக் கூப்பிட்டுச் சொல்வார். அது எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் எந்த அளவுக்குக் கீழே பிடிக்கக் கூடாது என்று விதி வரும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு வந்த போன்களே அவைதான். வேறு யார் என்னைக் கூப்பிடப் போகிறார்கள்?

கடைசி நாள் பேயலை. குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி. நாலு டேக் மிச்சம். மிச்சம் என்று சொன்னால் மறுபடி கடலுக்கு அனுப்புவார்கள் என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன். வீட்டில் உட்கார்ந்து, செல்போன் படிவத்தில், இல்லாத நாலு மீன்களை விட்டதாக எழுதினேன். நம்பும்படி இருக்கட்டும் என்று முதல் மீனுக்கு 'வலது கண் இல்லை' என்று வேறு குறிப்பு எழுதினேன், அவ்வளவு கெட்டிக்காரன் நான். டேக்குகளை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு மூடிவைத்தேன்.

ஏழெட்டு மாதம் கழித்து, பட்டப்பகலில், உலையில் அரிசி போட்டுவிட்டு நிற்கிறேன், போன். பரங்கிப்பேட்டைப் பக்கத்து மீனவர்.

"சார், உங்க மீனு ஒண்ணு வலையில மாட்டிக்கிச்சு. முதுவுல மஞ்சா டேக்கு இருக்குது. இத இன்னா பண்றது?"

எண்ணைப் படித்தார். டப்பாவைத் திறந்தேன். அதே எண் என் உள்ளங்கையில் இருக்கிறது. அச்சடித்தவன் இரண்டு தரம் அடித்துவிட்டான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, "மீன் எப்படி இருக்குதுங்க?" என்றேன்.

"நல்லா வளந்துக்கினுதான் இருந்திருக்குது. ஆனா ஒரு கண்ணு இல்ல சார். சோத்துக்கைப் பக்கத்துக் கண்ணு."

நம்பினால் நம்புங்கள், சோறு அடிப்பிடித்துப் புகை வரும்வரை நின்ற இடத்திலேயே நின்றேன்.

அடுத்த மூன்று மாதத்தில் இன்னும் இரண்டு சிக்கின. நான் கற்பனையாக எழுதிய நீளத்திலிருந்து ஒழுங்காக வளர்ந்திருந்தன. அறிக்கை எழுதும் நேரம் வந்தது. ஐயோ, என் பொய்யை வைத்து மீனவர்கள் பிழைப்புக்கு விதி போடப் போகிறார்களே என்று தாங்காமல், ஆராய்ச்சியை நடத்தும் மேடத்தைக் கூப்பிட்டு, அந்த நாலையும் நான் விடவே இல்லை என்று அழாத குறையாகச் சொன்னேன்.

"என்னப்பா உளர்ற? மூணு டேக்கும் தபால்ல வந்து என் மேசை மேல இருக்கு. தனியா இருந்து இருந்து உனக்கு என்னமோ ஆயிடுச்சு. யாரையாவது கூட வெச்சுக்கோ."

படம் எடுத்து அவருக்கு அனுப்பலாம் என்று டப்பாவைத் திறந்தேன். உள்ளே ஒரே ஒரு டேக்தான் இருந்தது. அறிக்கை அப்படியே போனது. நான் பொய் சொன்னேன் என்பதைக்கூட நம்ப ஆளில்லை.

நாலாவது மீன் இன்னும் யாரிடமும் சிக்கவில்லை. அதற்கு மட்டும் இடத்தை யோசித்து எழுத அலுத்துப்போய், 'இருக்கும் இடத்தைப் பதிவு செய்' என்று படிவத்தில் இருந்ததைத் தட்டியிருக்கிறேன். மீனை விட்ட இடம் என்று பதிவாகியிருப்பது என் வீடு.

கொல்லையில் கிணறு இருக்கிறது. போன சித்திரையில் டப்பாவைத் திறந்தபோது அந்தக் கடைசி டேக்கும் இல்லை. அன்றிலிருந்து குடிக்க, குளிக்க எல்லாம் தெருக்குழாய்த் தண்ணீர்தான். ஆனால் தினமும் மதியம், கோமுகி அணையில் வாங்கின பொடிமீனை, எட்டிப் பார்க்காமல் கிணற்றுக்குள் போடுகிறேன். பொடிமீன் விழுந்து அடங்கிய பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. பிறகு கீழே தண்ணீர் ஒரே ஒரு தரம் தபக்கென்கிறது. அந்தச் சத்தத்துக்காகவே இப்போதெல்லாம் மதியத்தில் நான் எங்கும் போவதில்லை.