வேர்ணருக்கு எட்டுப் படைத்த ஞாயிறு

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் 'உனக்கு வேறு வேலையில்லையா' என்று எழும்பிப் போகிற ஆள் நான். நீங்களும் அப்படி எழும்பிப் போகலாம், கோபிக்க மாட்டேன். ஆனால் நடந்தது நடந்ததுதான், சத்தியமாகச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, ஜெர்மனியில் டோர்ட்மண்ட் நகரம். ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு பார், என்னைப்போல ஆண்களை விரும்புகிற ஆண்கள் கூடுகிற இடம். பெயர்ப்பலகை இல்லை, ஜன்னலுக்குத் தடித்த திரை, கதவுக்கு வெளிப்பக்கம் கைப்பிடிகூட இல்லை. பெல் அடித்தால், வாசலுக்குப் பொறுப்பான வேர்ணர் கதவிலிருக்கிற சின்னக் கண்ணாடியால் பார்த்து உள்ளேயிருந்து பொத்தானை அமுக்குவார், கதவு கிர்ரென்று திறக்கும். நான் எங்கள் ஊர்ப் பெடியன்கள் சிலரோடு ஒரே அறையில் இருந்தேன். விஷயம் தெரிந்தால் அன்றைக்கே என் பெட்டியைத் தெருவில் எறிந்திருப்பார்கள், யாழ்ப்பாணத்தில் அம்மாவின் காதுக்கும் செய்தி போயிருக்கும். அந்தப் பாருக்குள் மட்டும்தான் நான் பயமில்லாமல் சிரித்தேன்.

அந்த வேர்ணர் எய்ட்ஸில் மெலிந்து மெலிந்தே செத்துப்போனார். சகோதரர்கள் வந்து உடலைக் கொண்டுபோனார்கள், எங்கே புதைத்தார்கள் என்றுகூட எங்களுக்குச் சொல்லவில்லை. பாரில் ஒருவருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. எனக்கு மனம் கேட்காமல், எங்கள் ஊரில் செத்தவருக்கு விருப்பமானதைச் சமைத்து எட்டாம் நாள் படைப்போம் என்று பார்க்காரி ரெனாட்டாவிடம் சொன்னேன். ஞாயிறு பின்னேரம், நான் கொடுத்து அவர் விரும்பிச் சாப்பிட்ட புட்டும் கோழிக்கறியும் கொண்டுபோய் அவர் வழக்கமாக உட்காருகிற கதிரைக்கு முன்னால் வைத்து, ஒரு பியரும் ஊற்றினோம். இனி எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்த வேண்டும், நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றால் வந்தவர் சாப்பிட மாட்டார் என்றேன். பகல் வெளிச்சத்தில் அந்த வாசலில் ஒருநாளும் நின்றறியாத மனிதர்கள் கூச்சத்தோடு தெருவில் வந்து நின்றார்கள். கதவைச் சாத்திய பிறகுதான் ரெனாட்டா தலையில் கை வைத்தாள். சாவி உள்ளே. திறந்துவிட உள்ளே ஆளுமில்லை.

அந்த நேரம் பார்த்து எதிர்ப்பக்கத்தால் வருகிறார், என் அறையில் இருக்கிற சிவம் அண்ணை!

"டேய் தம்பி, இஞ்ச என்னடா செய்யிறாய்? ஆர் உவையள்?" என்று கூட நின்றவர்களைக் காட்டிக் கேட்டார்.

பயத்தில் கை தானாகப் பெல்லை அமுக்கியது. நம்பினால் நம்புங்கள், கதவு கிர்ரென்று திறந்தது. எல்லோரும் விழுந்தடித்து உள்ளே ஓடினோம், கடைசியாகப் போய்ச் சாத்தியது நான். உள்ளே ஒருவரும் இல்லை. சாப்பாடு வைத்தபடியே இருந்தது. வயரிங் பிழை என்றாள் ரெனாட்டா.

அறைக்குப் போனதும் என் பெட்டி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். இருந்தது. அண்ணை மட்டும் கட்டிலில் தனியாக இருந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"நீ உள்ளுக்குப் போன கையோட ஒரு மெலிஞ்ச வெள்ளைக்காரன் கதவைத் திறந்து, என்னையும் வா எண்டு கையைக் காட்டினவர். நான் பயத்தில வந்திட்டன். தம்பி... அது என்ன இடமெண்டு எனக்கு முந்தியே தெரியும். அங்க என்னைப்போல ஆக்களும் வரலாமோ?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு காலமும் நான் அவருக்குப் பயந்தேன், அவர் எனக்குப் பயந்திருக்கிறார்.

"ஓம் அண்ணை. கட்டாயம் போங்கோ."

அடுத்த ஞாயிறு எனக்கு ரெஸ்டோரண்டில் வேலை, அண்ணை தனியாகப் போனார். இருட்டின பிறகு வந்தார், முகம் அப்படியே மலர்ந்திருந்தது. அதே மெலிந்த மனிதர்தான் கதவைத் திறந்தாராம், இருத்திவைத்து ஆசைதீரக் கதைத்தாராம்.

வேர்ணரைத் தவிர அப்படி மெலிந்த ஆள் அந்தப் பாரில் யாருமில்லை. மறுநாள் ரெனாட்டாவுக்கு டெலிபோன் எடுத்து, நேற்றுக் கதவில் நின்றது யார் என்று கேட்டேன். காய்ச்சல் என்று அந்த ஞாயிறு அவள் பாரைத் திறக்கவே இல்லையாம். அண்ணையிடம் அதை இன்றுவரை நான் சொல்லவில்லை.