தூளிக் கொக்கியில் தொங்கிய குழாய்

சுகுமாரின் குறட்டை சாலவாக்கத்தில் தெருவுக்கே தெரியும். ரைஸ் மில் என்று பெயர் வைத்துக் கேலி பேசினார்கள். அவனும் சேர்ந்து சிரித்துக்கொண்டுதான் இருந்தான், ஏரிக்கரை வளைவில் கண் அசந்து, அவன் ஓட்டும் பள்ளிக்கூட வேனின் ஒரு சக்கரம் சரிவில் இறங்கும் வரை. பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வேன் முதலாளி கிருஷ்ணசாமி மட்டும், "ஒடம்ப சரி பண்ணிக்கினு வா, அப்பறம் சாவி தரேன்" என்றார்.

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்றார் செங்கல்பட்டு டாக்டர். முகத்தில் மாட்டிக்கொள்ள ஒரு மாஸ்க், அதற்குக் குழாய் வழியே காற்று ஊதும் சின்ன மெஷின். மல்லாக்கப் படுக்காதே, ஒருக்களித்துப் படு என்று அனுப்பிவைத்தார். ஒருக்களித்தால் தலையணை மாஸ்க்கைத் தள்ளியது. இடுக்கு வழியே காற்று சீறிக்கொண்டு கண்ணில் அடித்தது. புரண்டால் குழாய் கழுத்தைச் சுற்றியது. போனில் புலம்பியவனிடம் ஆஸ்பத்திரி நர்ஸ்தான் சொன்னாள்: தலையணை ஓரத்தில் கன்னத்தை வை, மாஸ்க் வெளியே நிற்கட்டும், குழாயைத் தலைக்கு மேலே எங்காவது மாட்டு.

மேலே பார்த்தான். மகள் இளமதி குழந்தையாக இருந்தபோது தூளி கட்டிய கொக்கி சும்மா கிடந்தது. அதில் மாட்டினான். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாராளமாகப் புரள முடிந்தது. தலை இத்தனை லேசாக இருக்கும் என்பதையே அவன் மறந்து போயிருந்தான். காலையில் எழுந்து உட்கார்ந்து, காரணமில்லாமல் அழுதான். வேன் சாவியும் திரும்பி வந்தது.

அதன்பிறகு இளமதி பிரசவத்துக்கு வந்தாள். அவளுக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த பிள்ளை. கொக்கியில் தூளி ஏறியது. பகலில்தான் குழந்தை தூளியில் தூங்கும், இரவில் தாயோடு. அதனால் சுகுமார் குழாயை எடுத்துக்கொண்டு வந்தான். மனைவி அம்முலு குறுக்கே நின்றாள்.

"கொயந்த தூங்கற கொக்கியில நோவுக்காரன் பைப்ப மாட்டுவியா?"

"ராத்திரில கொக்கி சும்மா தான கீது?"

"அதுக்கு எதுனா ஆனா நீ தாங்குவியா?"

"அப்ப வேற கொக்கி அடிச்சிக்கறேன்."

"பச்சக் கொயந்த கீற வூட்ல ஆணி அடிப்பாங்களா?"

இளமதியும், "வேணாம்பா" என்றாள்.

சண்டை போட்டிருக்கலாம். ஆனால் நாளைக்கே குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால்? அந்தப் பயம் அவனுக்குள்ளும் இருந்தது. பயம் வந்துவிட்டால் டாக்டராவது மெஷினாவது. கொக்கியில்லாமல் சில நாள் குழாயோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, மெஷினைப் பரணில் ஏற்றினான். வாசலில் கட்டில் போட்டு வெறும் முகத்தோடு ஒருக்களித்தான். ரைஸ் மில் மறுபடி ஓடியது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, பழகிய சத்தம்தானே.

ஒருநாள் மானாம்பதி ரோட்டில் மறுபடி கண் அசந்தான். வேன் கால்வாயில் சாய்ந்தது. நதியா என்ற யுகேஜி பிள்ளைக்குக் கை முறிந்தது. அதுவும் ஏதோ ஒரு வீட்டுத் தூளியில் தூங்கி வளர்ந்த பிள்ளைதான். அதன் அழுகை இன்னும் சுகுமார் காதை விட்டுப் போகவில்லை. கிருஷ்ணசாமி திட்டக்கூட இல்லை. கையை நீட்டினார், சாவியை வாங்கிக்கொண்டார், போய்விட்டார். அம்முலு மட்டும், "அந்த மிஷினு வூட்டுக்கு வந்த நேரந்தான்" என்று எல்லோரிடமும் சொன்னாள்.

பிள்ளைக்கு ஐந்தாம் மாதம் பிறந்ததும் இளமதி தாமலுக்கு, புருஷன் வீட்டுக்குப் போனாள். அம்முலு தூளிச் சேலையை அவிழ்த்து மடித்து வைத்தாள். பரணிலிருந்து மெஷினை அவளே இறக்கினாள்.

"இப்ப மாட்டிக்க. கொக்கி சும்மா தான கீது."

அவன் மாட்டிக்கொண்டான்.

இப்போது நன்றாகத்தான் தூங்குகிறான். விடிந்து வெயில் ஏறிய பிறகு, வேறொருவன் ஓட்டும் வேன் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டு போகும். சுகுமார் கண்ணைத் திறக்காமல் மறுபக்கம் ஒருக்களிப்பான். குழாய் கொஞ்சம்கூட இழுக்காது.