டீக்கடைத் திரையில் சிறுமலை

கடவுச்சொல் இல்லாமலே வெளியாட்கள் சில விவரங்களைப் படித்துவிட முடியும், உடனே புதிய பதிப்புக்கு மாறுங்கள் என்பதுதான் அந்த மின்னஞ்சலின் சாரம். எங்கள் வலையமைப்பைக் கண்காணிக்கும் மென்பொருளைச் செய்தவர்கள் அனுப்பியது. அச்செடுத்த தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஓரத்தில் பென்சிலால் 'வெள்ளி, ஜும்ஆவுக்கு முன்' என்று எழுதியிருக்கிறேன்.

பாய் என்று நாங்கள் அழைத்தவர் திண்டுக்கல்லில் இணைய இணைப்பு கொடுக்கும் சிறு நிறுவனத்தின் உரிமையாளர். நான் அங்கே புகார்களைப் பதிவு செய்துகொண்டிருந்தேன். கீழே இருந்த டீக்கடையில் பாய் ஒரு டிவி மாட்டியிருந்தார். அதில் எங்கள் வலையமைப்பின் வரைபடம் ஓடும். ஊருக்கு ஒரு புள்ளி; லைன் நன்றாக இருந்தால் பச்சை, அறுந்தால் சிவப்பு. சண்டைக்கு வருகிறவர்கள் தங்கள் ஊரான அகரம் சிவப்பாக இருப்பதைப் பார்த்துவிட்டு, டீயைக் குடித்துத் திரும்பிப் போய்விடுவார்கள். லைனைச் சரிசெய்யக் கம்பத்தில் ஏறும் பையன்களும் கைப்பேசியில் அதே படத்தைப் பார்க்கட்டும் என்று, கடவுச்சொல் கேட்காதபடி அதை வெளியுலகுக்குத் திறந்து வைத்திருந்தார். ஊர் ஊராக வைத்திருந்த எல்லாக் கருவிகளுக்கும் ஒரே கடவுச்சொல். கம்பத்தின் உச்சியில் யாருக்கு எது நினைவிருக்கும்?

எங்கள் பொறியாளர் அக்கா வெளியாள் போலப் பார்க்கத் தன் கைப்பேசியில் அலுவலக வைஃபையை அணைத்துவிட்டு, அந்த வரைபடத்தின் முகவரியோடு மின்னஞ்சல் சுட்டிய சில எழுத்துகளைச் சேர்த்துத் தட்டினார். வாடிக்கையாளர் பெயர்கள், தொலைபேசி எண்கள், அந்த ஒரே கடவுச்சொல், எல்லாம் வரிசையாக இறங்கின.

அக்கா உடனே வெளி வழியை அடைத்தார். கீழே திரை இருண்டது. முதலில் சரிசெய்வோம், பேச்சை வெளியே விட வேண்டாம் என்றார் அவர். போட்டி நிறுவனத்தின் ஆள் தினமும் அதே கடையில்தான் டீ குடிப்பார். விஷயம் தெரிந்தால் எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப்பேரை இழுத்துக்கொண்டு போய்விடுவார். பாய் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டே சொன்னார்: "தொலைஞ்சது நம்ம சாமான் இல்லம்மா, அவுக சாமான். அவுககிட்டச் சொல்லாம வேற யாருகிட்டச் சொல்றது?"

இறங்கிப் போய் எல்லோர் முன்னும் நடந்ததைச் சொன்னார். எங்கள் பெரிய வாடிக்கையாளரான பூட்டுப் பட்டறைக்காரர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"பூட்டு ஊர்ல இருந்துக்கிட்டு கதவத் தெறந்து போட்டுட்டீகளே பாய்."

கடையே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அவரே, "பூட்டிட்டுச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் எங்கிட்டும் போகல" என்றார்.

தொழுகை முடிந்து வந்த பாய், மாடியிலிருந்து நேராக ஒரு கம்பியை இழுத்து டிவியை மறுபடி உயிர்ப்பித்தார். செய்வதை அவர்கள் கண்ணால் பார்க்கட்டும் என்றார். மென்பொருளைப் புதுப்பித்தபின், அக்கா ஒவ்வொரு கருவியாகக் கடவுச்சொல்லை மாற்றத் தொடங்கினார். மாற்றும்போது புள்ளி சிவக்கும். புதிய சொல்லை மென்பொருளுக்குக் கொடுத்ததும் பச்சையாகும். அகரம் சிவந்து பச்சையானதும் கீழே கைதட்டல். கொடைரோடு பச்சையானதும் விசில். கிரிக்கெட் ஆட்டம் போல ஆகிவிட்டது. போட்டி நிறுவனத்தின் ஆளும் போகாமல் நின்று பார்த்தார்.

கடைசியாகச் சிறுமலை. அங்கே கை தவறினால் மலை பஸ்ஸுக்குக் காத்திருந்து நேரில் போக வேண்டும். புள்ளி சிவந்தது. சிவப்பாகவே நின்றது. கீழே மிளகு வியாபாரி ஒருவர் எழுந்து, "எங்க மல என்னாச்சு?" என்று கேட்டது மாடிவரை வந்தது. அக்கா திரும்பத் தட்டினார். பாய் என் தோளைப் பிடித்திருந்தது வலித்தது. பிறகு பச்சை. கீழே எழுந்த கூச்சலில் படிக்கட்டே அதிர்ந்தது போலிருந்தது. அதற்குமேல் பட்டறைக்காரரின் குரல்: "பூட்டியாச்சுப்பா, வேலையப் பாருங்க."

பாய் இப்போது தொழிலை மகளிடம் விட்டுவிட்டார். டீக்கடையில் டிவி இன்னும் ஓடுகிறது. வெளியிலிருந்து யாரும் அதைத் தொட முடியாது. போன வாரம் அங்கே உட்கார்ந்து, சிறுமலைப் புள்ளி பச்சையாக இருப்பதைப் பார்த்தபடி அந்தத் தாளை மறுபடி விரித்தேன். பென்சில் குறிப்பின் கீழே ஒரு கேள்வி எழுதி வைத்திருக்கிறேன்: அக்காவுக்கு முன் வேறு யாராவது அந்தப் பக்கத்தைத் திறந்தார்களா? யார் எப்போது திறந்தார்கள் என்று காட்டும் பழைய பதிவுகள் தாமாகவே அழிந்துபோயிருந்தன. இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.